காண்டாமிருக வண்டு: உடலும் எல்லையும்

விரிந்த தென்னை ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல முக்கோண வெட்டுகள் தெரிந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை என்று தோப்பு வைத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓலை குருத்தாக மடிந்திருந்தபோதே வண்டு உள்ளே குடைந்து சாற்றைக் குடித்துவிட்டுப் போயிருக்கும். குருத்து விரியும்போது அந்த ஒற்றைத் துளை இருபுறமும் ஒத்த வெட்டுகளாகக் கண்ணில் படுகிறது. சேதம் கொண்டையில் தெரிவதால் இந்தப் பூச்சியைப் பற்றிய பேச்சும் கொண்டையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அது எங்கெல்லாம் வாழ்கிறது என்று கேட்டால், தென்னை உள்ள இடமெல்லாம் என்ற விடைதான் வழக்கமாகக் கிடைக்கும். அந்த விடை போதாது என்பதே என் வாதம். இந்த வண்டின் உடல் பருமனையும் கொம்பின் நீளத்தையும் உலகப் படத்தில் அது பிடித்திருக்கும் இடத்தையும் தீர்மானிப்பதில் அது துளைக்கும் மரத்துக்குள்ள பங்கைவிட, அதன் புழு வளரும் மக்கிய குவியலுக்குள்ள பங்கு பெரியது. தென்னை அதற்கு உணவு மட்டுமே. எருக்குழியும் இற்றுப்போன தென்னந்தடியும் மரத்தூள் குவியலும்தான் அதன் பிறப்பிடம். அந்தப் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் மனிதரே உருவாக்கிக் கொடுக்கிறோம்.

முதலில் உடலைப் பார்ப்போம். ஓரிக்டெஸ் ரைனோசெரஸ் என்பது இதன் அறிவியல் பெயர். 1758-இல் லின்னேயஸ் தம் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் இதைப் பதிவு செய்தார். எகிப்தியர் புனிதமாகப் போற்றிய சாண வண்டு சேர்ந்த அதே ஸ்காரபே குடும்பம்தான் இதற்கும். அந்தக் குடும்பத்துக்குரிய அடையாளம் உணர்கொம்பின் நுனியில் இருக்கிறது: ஏடுகள்போல விரிந்து மூடும் சிறு தகடுகள். முதிர்ந்த வண்டு 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை நீளமும், தடித்த உருளை உடலும், பளபளக்கும் கருமை அல்லது கரும்பழுப்பு நிறமும் கொண்டது. அடிப்பக்கம் செம்பழுப்பு, அங்கே மெல்லிய மயிர் அடர்ந்திருக்கும். முதுகை மூடும் கெட்டியான முன்சிறகுகளில் நுண்ணிய குழிகள் பரவியிருக்கும். தலைக்குப் பின்னால் உள்ள மார்புக் கவசத்தின் முன்பாதி சரிந்து பள்ளமாக இறங்க, அந்தப் பள்ளத்தின் பின்விளிம்பில் சிறு முண்டுகள் நிற்கின்றன. முன்கால்கள் அகன்று பல்போன்ற நீட்சிகள் கொண்டவை. எருவையும் மரத்தையும் மண்ணையும் தோண்டுவதற்கென்றே அமைந்த கால்கள் இவை. இவ்வளவு கனத்த கவசம் பூண்ட பூச்சி பெரும்பகுதி நேரத்தை இருட்டில், எதையாவது தோண்டிக்கொண்டு கழிக்கிறது என்பதை உடலே காட்டிவிடுகிறது.

பெயரைத் தந்த கொம்பு தலையின் மேல் பின்னோக்கி வளைந்து நிற்கிறது. கொம்பு இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பெண்ணுக்கும் கொம்பு உண்டு. பெரும்பாலும் ஆணின் கொம்பு நீளம், பெண்ணின் கொம்பு குட்டை. ஆனால் சிறுத்த ஆணின் கொம்பு பெண்ணின் கொம்பளவே இருக்கும். அதனால் பூச்சியியலாளர்கள் ஆண் பெண் பிரிக்கக் கொம்பை நம்பாமல் வயிற்றின் பின்முனையைப் பார்க்கிறார்கள். பெண்ணுக்கு அங்கே செம்பழுப்பு மயிர்க்கற்றை இருக்கும். ஆணுக்கு அந்த இடம் மழமழவென்று உருண்டிருக்கும். கொம்பின் நீளம் ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது? வண்டாக வெளிவந்த பூச்சி அதன்பிறகு வளர்வதே இல்லை. அதன் அளவு முழுவதும் புழுப்பருவத்தில் உண்ட உணவால் முடிவாகிவிடுகிறது. நன்கு மக்கிய, ஈரம் காயாத, போதிய சத்துள்ள குவியலில் வளர்ந்த புழு பெரிய வண்டாகிறது; பெரிய ஆணுக்குக் கொம்பும் நீளுகிறது. வறண்ட, நெருக்கடியான குவியலில் வளர்ந்தது சிறுத்துப்போகிறது. அது பிற்பாடு எத்தனை தென்னங்குருத்தைக் குடித்தாலும் அந்தக் குறை தீர்வதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். கொம்பு என்ற உறுப்பு எருக்குழியால் உண்டானதல்ல. ஆண்களுக்கிடையிலான போட்டி பல தலைமுறைகளாக இயங்கி உருவாக்கியது என்பார்கள். கொம்பு வண்டினங்கள் பலவற்றிலும் அதுவே பொதுவான விளக்கம், அதை நான் மறுக்கவில்லை. இனத்துக்குக் கொம்பு வந்ததற்கான காரணம் வேறு. ஒரு குறிப்பிட்ட வண்டின் கொம்பு இவ்வளவு நீளமாக இருப்பதற்கான காரணம் வேறு. முதலாவது பரிணாம வரலாற்றைச் சேர்ந்தது. இரண்டாவதோ அந்த வண்டு பிறந்த குவியலைச் சேர்ந்தது. தோப்பில் கையில் அகப்படும் வண்டைப் பற்றிப் பேசும்போது நமக்குப் பயன்படுவது இரண்டாவதுதான்.

வாழ்க்கைச் சுழற்சியைக் கணக்கிட்டால் இது இன்னும் தெளிவாகும். பெண் வண்டு வெண்ணிற முட்டைகளை மக்கும் பொருளுக்குள் இடுகிறது. 8 முதல் 12 நாளில் அவை பொரிகின்றன. பழுப்புத் தலையும் வெளுத்த சதைப்பற்றான உடலும் கொண்ட புழு, அரைவட்டமாகச் சுருண்டு, மூன்று பருவங்களில் ஏறக்குறைய 80 முதல் 200 நாள் வரை அதே குவியலைத் தின்று வளர்கிறது. முழு வளர்ச்சியில் அது 60 முதல் 100 மில்லிமீட்டர் நீளம், தாய்வண்டைவிடப் பெரியது. கூட்டுப்புழுப் பருவமும் அங்கேயே கழிகிறது. கூட்டை உடைத்த புதிய வண்டும் கவசம் இறுகும்வரை இரண்டு மூன்று வாரம் வெளியே வருவதில்லை. அதன் பின்னரே அது இரவில் பறந்து தென்னையை அடைகிறது. அங்கும் நிரந்தரமாகத் தங்குவதில்லை. சில நாள் குருத்தைக் குடையும். பிறகு இணை சேரவும் முட்டையிடவும் குவியலுக்குத் திரும்பும். மறுபடி மரத்துக்குப் போகும். ஆக, வாழ்நாளில் பாதிக்குமேல் மரத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. புழு தென்னைக்கு ஒரு கேடும் செய்வதில்லை. எருவை மக்கவைத்துச் சத்தாக்குகிறது என்றுகூடச் சொல்லலாம்.

இனி எல்லைக்கு வருவோம். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா முழுவதும், தென்சீனம், தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரை இந்த வண்டின் சொந்த நிலம் விரிகிறது. இந்த வட்டாரத்தில் தென்னையும் உண்டு, வண்டும் உண்டு என்பதால் இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிப்பார்ப்பது எளிதாகிவிடுகிறது. ஆனால் தென்னையின் எல்லை இதைவிட மிகப் பெரியது. பசிபிக் தீவுகளில் கடலோடிகள் தங்கள் படகுகளில் தென்னையைக் கொண்டுசென்று நட்டு மிக நெடுங்காலம் ஆகிவிட்டது. அத்தனை காலமும் அங்கே தென்னை செழித்தது. காண்டாமிருக வண்டு எட்டிப்பார்க்கவில்லை. உணவு மட்டுமே எல்லையை வகுக்கும் என்றால் இந்த இடைவெளிக்கு விளக்கமே கிடையாது. இதன் உறவினங்களும் அதே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஐரோப்பாவில் வாழும் ஓரிக்டெஸ் நாசிகார்னிஸ் தென்னையைக் கண்டதே இல்லை. வட ஐரோப்பாவில் அது தோல் பதனிடும் பட்டறைகளின் பட்டைக் குவியல்களிலும் மர அறுவை ஆலைகளின் தூள் மேடுகளிலும் தங்கி, குளிர் நாடுகள்வரை பரவியது. உள்ளே சூடு காக்கும் குவியல் கிடைத்த இடத்தில் அது நிலைத்தது. பட்டறை மூடிய இடங்களில் அதன் வாழிடமும் சுருங்கியது.

1909-ஐ ஒட்டி, அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த சமோவாவில் வண்டு முதன்முதலாகக் கால்வைத்தது. இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட ரப்பர் நாற்றுகளோடு அது போய்ச் சேர்ந்ததாக வரலாறு பதிவு செய்கிறது. இது எனக்கு மிக முக்கியமான சான்றாகப் படுகிறது. தேங்காயோடோ தென்னம்பிள்ளையோடோ அது பயணம் செய்யவில்லை. தனக்கு உணவே அல்லாத ஒரு மரத்தின் நாற்றோடு, வேரைச் சுற்றியிருந்த மண்ணிலும் மக்கிலும் மறைந்து கடல் கடந்தது. இறங்கிய இடத்தில் தோட்ட முதலாளிகள் காடழித்து, வெட்டிய மரங்களை அங்கங்கே இற்றுப்போகவிட்டிருந்தார்கள். வேறு தீவுக் கூட்டங்களில் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது. 1912-இல் அமெரிக்க சமோவா, 1931-இல் வாலிஸ் தீவு, 1953-இல் ஃபிஜி என்று கப்பல் வழிகளைப் பின்பற்றியே அது நகர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-ஐ ஒட்டி, பலாவுக்கும் நியூ பிரிட்டனின் ரபவுலுக்கும் அது வந்து சேர்ந்தது. பலாவில் பத்தாண்டுக்குள் தென்னைகளில் ஏறக்குறையப் பாதி அழிந்தது. சில சிறு தீவுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குண்டுவீச்சிலும் கவனிப்பாரற்றும் சாய்ந்த மரங்கள் தரையெங்கும் கிடந்த காலம் அது. படைக்கப்பல் வண்டைக் கொண்டுவந்தது, போர் அதற்குத் தொட்டில் கட்டியது.

இதற்கு நேர்மாறான நிகழ்வு டோங்காவின் நியுவாடோபுடாபு தீவில் நடந்தது. 1921-இல் அங்கே வண்டு தென்பட்டது. 1930-க்குள் அது முழுமையாக ஒழிக்கப்பட்டுவிட்டது. குடியேறிய இடத்தில் வேரோடு களையப்பட்டதற்கு நிபுணர்கள் திரும்பத் திரும்பக் காட்டும் எடுத்துக்காட்டு இதுதான். அன்று கவர்ச்சிப் பொறியும் கிடையாது, நச்சு நுண்ணுயிரியும் கண்டறியப்படவில்லை. தீவு மக்கள் செய்தது ஒன்றுதான்: விழுந்த தடிகளையும் குப்பைகளையும் விடாமல் தேடி அழித்தார்கள். தென்னைகள் நின்றன, வண்டு போய்விட்டது. உணவு குறையாமல், பிறப்பிடம் மட்டும் நீங்கியதும் இனமே அந்தத் தீவிலிருந்து அற்றுப்போனது. எல்லையை வகுப்பது எது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சோதனையை ஒருவர் திட்டமிட்டுக்கூட நடத்த முடியாது. சிறிய தீவு என்பதால் அது கைகூடியது என்று சொல்லலாம், உண்மைதான். பெரிய நிலத்தில் ஒவ்வொரு தடியையும் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் அந்தக் கடினம் வேலையின் அளவைப் பற்றியது; காரணத்தைப் பற்றியதல்ல.

வண்டு தானே பறந்து பரவியிருக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. வலுவாகப் பறக்கக்கூடிய பூச்சிதான். ஒரே இரவில் சில கிலோமீட்டர் தொலைவைக் கடக்கும் திறன் அதற்குண்டு. ஒரு தீவுக்குள், ஒரு மாவட்டத்துக்குள் அது பரவுவதைச் சிறகு விளக்கிவிடும். ஆனால் அருகிலேயே உணவும் குவியலும் இருக்கும்போது அது தொலைதூரம் போவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தாண்டியதை எந்தச் சிறகாலும் விளக்க முடியாது. பறந்தே பரவக்கூடியது என்றால், தென்னை பசிபிக்கை அடைந்த பிறகு கடந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அது ஏதாவதொரு தீவில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. நீராவிக் கப்பலும் தோட்டப் பயிரும் வந்த பிறகு, ஒரு தலைமுறைக்குள் தீவுக்குப் பின் தீவாக இறங்கியது.

இதைவிட வலுவான எதிர்வாதம் நச்சு நுண்ணுயிரியிலிருந்து வருகிறது. 1963-இல் அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மன் அறிஞர், மலேசியாவில் நோயுற்ற புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். இன்று அதை நூடிவைரஸ் வகையில் வைத்திருக்கிறார்கள். 1967-இல் அது சமோவாவில் விடப்பட்டது. பிறகு ஃபிஜி, டோங்கா முதலிய தீவுகளிலும் விட்டார்கள். இந்தியாவில் 1980-களில் லட்சத்தீவின் மினிக்காயிலும் முயன்று பலன் கண்டார்கள். நோய் தொற்றிய வண்டு உடனே சாவதில்லை. உண்பது குறைந்து, முட்டையிடுவது நின்று, எச்சத்தின் வழியே இணைக்கும் குவியலுக்கும் நோயைச் சுமந்து சென்று பரப்புகிறது. சமோவாவில் சேதம் பெருமளவு இறங்கியது. அதற்கு முன்பு சான்சிபாரிலிருந்து கொண்டுவந்து விட்ட ஸ்கோலியா குளவி சாதிக்காததை இந்த வைரஸ் சாதித்தது. குவியல்களைத் தொடாமலே வண்டு அடங்கியது என்றால், குவியல்தான் எல்லாம் என்ற வாதம் நிற்குமா? நிற்கும், ஒரு திருத்தத்தோடு. வைரஸ் எண்ணிக்கையைக் குறைத்தது, எல்லையைக் குறைக்கவில்லை. சமோவாவிலும் ஃபிஜியிலும் இன்றும் வண்டு இருக்கிறது. எத்தனை வண்டு என்பதில் நோய்க்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். எங்கே வண்டு என்பதை அது மாற்றவில்லை. நோய் கைமாறும் களமும் அதே குவியல்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த நூற்றாண்டில் கதை புதிய வேகம் எடுத்தது. 2007-இல் பசிபிக்கின் குவாம் தீவில் வண்டு கண்டறியப்பட்டது. ஒழிக்க எடுத்த பெருமுயற்சி தோற்றது. 2013 டிசம்பரில் ஹவாயின் ஓவாஹு தீவில், பெர்ல் ஹார்பர்–ஹிக்கம் படைத்தளத்தில் அகப்பட்டது. 2015-இல் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவிலும், 2019-இல் வனுவாட்டு, நியூ கலிடோனியாவிலும் தென்பட்டது. பழைய வைரஸ் இந்தப் புதிய கூட்டங்களில் முன்போல் வேலை செய்யவில்லை. 2017-இல் வெளியான ஆய்வு, இவை மரபணு அடையாளத்தில் வேறுபட்ட ஒரு கிளை என்றும், வைரஸின் பிடியிலிருந்து நழுவிவிட்டது என்றும் காட்டியது. குவாமின் பெயரின் முதலெழுத்தை வைத்து ஜி வகை என்று அழைக்கிறார்கள். சொந்த நிலமான ஆசியாவில் இதே கிளையின் வண்டுகளிலும் வைரஸ் காணப்படுவதால், எதிர்ப்பாற்றல் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உருவத்தைப் பேசும் கட்டுரைக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு: ஜி வகையையும் பழைய வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் கண்ணால் பிரிக்க முடியாது. அதே கருமை, அதே கொம்பு, அதே மயிர்க்கற்றை. புழுப்பருவத்திலோ வேறு இனத்திடமிருந்தே பிரிப்பது கடினம். ஹவாயில் கீழை மலர் வண்டின் புழுவைக் காண்டாமிருக வண்டின் புழு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

2015 மே மாதம் டால்ஃபின் புயல் குவாமைத் தாக்கியது. சாய்ந்த மரங்களும் முறிந்த கிளைகளும் தீவெங்கும் மலைபோல் குவிந்தன. அடுத்த ஆண்டுகளில் வண்டு கட்டுக்கடங்காமல் பெருகியது. பெருகிய வண்டு மேலும் தென்னைகளைக் கொன்றது; செத்த தென்னைகள் மேலும் புழுக்களுக்கு உணவாயின. ஆனால் என் வாதத்துக்கு மிகவும் சங்கடமான செய்தியும் குவாமிலிருந்துதான் வருகிறது. அங்கே தரையில் எந்தக் குவியலும் இல்லாமல், உயிருள்ள தென்னையின் மட்டை இடுக்குகளிலேயே முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என எல்லாப் பருவங்களையும் கண்டார்கள். மரமே தொட்டிலாகிவிட்டால் மரமா குவியலா என்ற பிரிவினையே குலைகிறதே? உற்றுப்பார்த்தால் குலையவில்லை. அந்தப் புழுக்கள் தின்றது பச்சை மரத்தையல்ல. இடுக்கில் சேர்ந்து மக்கிய பாளை, பன்னாடை, சருகு ஆகியவற்றைத்தான். மற்ற நாடுகளில் எலிகள் கொண்டையில் ஏறி இத்தகைய புழுக்களைத் தின்றுவிடுவதாகவும், குவாமில் வெளியிலிருந்து வந்து பெருகிய பழுப்பு மரப்பாம்பு எலிகளை அருகச் செய்ததால் புழுக்கள் அங்கே தப்புவதாகவும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குவியல் தரையிலிருந்து மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். இருந்தாலும் சுத்தம் செய்தே வண்டை ஒழித்துவிடலாம் என்று நம்புபவர்களுக்கு இது கடுமையான எச்சரிக்கை. நியுவாடோபுடாபு முறை குவாமில் அப்படியே எடுபடாது.

மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. முன்பு பழைய பனைகளை வெட்டி எரித்துவிட்டுப் புதுக்கன்று நடுவார்கள். புகை மாசு காரணமாக எரிப்பு கைவிடப்பட்டு, தண்டுகளைச் சீவி வரிசைகளில் மக்கவிடும் முறை வந்தது. காற்றுக்கும் மண்ணுக்கும் அது நல்லது. ஆனால் அந்த வரிசைகளே புழுக்களுக்கு உகந்த இடமாகி, இளங்கன்றுகளில் சேதம் ஏறியது. தென்னையைக் காட்டிலும் எண்ணெய்ப்பனையில் வண்டு பெரும் பிரச்சினையாக மாறியதற்கு மரத்தின் இனம் காரணமல்ல, மறுநடவு முறையே காரணம் என்பதை இது உறுதிப்படுத்துகிறது.

இங்கே தமிழ்நாட்டு விவசாயி ஒரு நியாயமான கேள்வியைக் கேட்பார்: எருவில்லாமல் விவசாயம் எப்படி? மாட்டுச் சாணத்தையும் தழையையும் மக்கவைக்காதே என்று சொல்வது மண்ணின் வளத்தையே கைவிடச் சொல்வதாகும். அப்படிச் சொல்லவில்லை. குழியில் எருவைப் பல மாதம் தொடாமல் வைத்திருப்பதுதான் சிக்கல். இரண்டு மாதத்துக்கொரு முறை குழியைக் கிளறி, தென்படும் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டால் சுழற்சி அறுந்துவிடும். புழுப்பருவம் முடிய எத்தனை நாள் ஆகிறது என்று மேலே பார்த்தோம். கிளறும் இடைவெளி அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை எருக்குழியில் கலக்கும்படி வேளாண்மைத் துறை பல ஆண்டுகளாகப் பரிந்துரைப்பதும் இதே காரணத்தால்தான். அந்தப் பூஞ்சைக்கு ஈரமும் நிழலும் வேண்டும். வெயில் காயும் கொண்டையில் அது நிலைக்காது, குழியில் நிலைக்கும். மட்டை இடுக்கில் வேப்பம்புண்ணாக்கும் மணலும் வைப்பது, கம்பியால் வண்டைக் குத்தியெடுப்பது, ஆமணக்குப் புண்ணாக்குப் பானை வைப்பது எல்லாமே இளமரத்தைக் காப்பாற்றும் நல்ல வழிகள். 1990-களில் கண்டறியப்பட்ட ஆண் வண்டின் கவர்ச்சி மணத்தைக் கொண்ட வாளிப்பொறியும் அப்படியே. ஆனால் இவை பிறந்துவிட்ட வண்டைப் பிடிப்பவை. ஆயிரக்கணக்கான பொறிகள் தொங்கிய குவாமில் வண்டு ஒழியாதது, பக்கத்திலேயே புதிய வண்டுகள் பிறந்துகொண்டிருந்ததால்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரைகடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, வேதாரண்யம் வட்டாரங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அந்தத் தடிகளை அப்புறப்படுத்த ஆளும் பணமும் இல்லாமல் விவசாயிகள் தவித்தது செய்தியாக வந்தது. நிவாரணம் பெரும்பாலும் நின்ற மரத்தின் கணக்கில், விழுந்த மரத்தின் கணக்கில் பேசப்பட்டது. தரையில் கிடக்கும் தடி அடுத்த ஓராண்டுக்குள் என்னவாகும் என்பதும் அதே கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஈரம் ஊறிய தென்னந்தடி இரண்டாவது பருவமழையைக் காணும்போது புழு வளர்க்கத் தயாராகிவிடும். அதே நேரத்தில்தான் நிவாரணமாகக் கொடுத்த தென்னம்பிள்ளைகள் குருத்து விடுகின்றன. முளைக்குருத்து ஒருமுறை குடையப்பட்டால் அந்தப் பிள்ளை போனதுதான். வண்டு குடைந்த காயத்தின் வழியே சிவப்புக் கூன் வண்டும் நுழையும், அது மரத்தையே கொல்லும். குவியலையும் கணக்கில் கொண்டு, ஹவாயில் 2022-இல் ஓவாஹுவிலிருந்து மற்றத் தீவுகளுக்கு எருவும் மரத்தூளும் பனைவகைக் கன்றுகளும் தடையின்றிப் போக முடியாதபடி விதி வகுத்தார்கள். அப்படியும் 2023-இல் காவாய் தீவில், தோட்டக்கழிவு சேகரிக்கும் நிலையம் ஒன்றில்தான் வண்டு முதலில் சிக்கியது.